ஆறரை சைஸ் கைப்பட்டி

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பேச்சு நின்றுவிட்டது.

பதறாதீர்கள். பதற வேண்டியதையெல்லாம் நானே பதறி முடித்துவிட்டேன். உங்களுக்கு மிச்சம் வைக்கவில்லை.

பேச்சு நின்றது எங்கள் கான்செர்டினாவுக்கு. முழுப் பேச்சும் அல்ல, ஒரே ஒரு ஸ்வரம். வலது கைப் பக்கம், நடு வரிசை, மூன்றாவது பொத்தான். அதை அமுக்கிக்கொண்டு துருத்தியை உள்ளே தள்ளினால் ஒழுங்காகப் பாடுகிறது. வெளியே இழுத்தால்... 'ஹ்ஹ்'. வெறும் காற்று. என் ஜோக்குகளுக்கு என் மனைவி கொடுக்கிற அதே சத்தம்.

கான்செர்டினா என்றால் என்ன என்கிறீர்களா? ஹார்மோனியத்தை வெந்நீரில் துவைத்துப் போட்டு, அது சுருங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மூலை உள்ள இரண்டு மரத் தட்டுகள். நடுவே விசிறி மடிப்பாகத் தோல் துருத்தி. இரண்டு பக்கமும் கை நுழைக்கத் தோல் பட்டி, விரல் படும் இடத்தில் பொத்தான்கள். ஒரு பொத்தானை அமுக்கி இழுத்தால் ஒரு ஸ்வரம். விரலை எடுக்காமல் தள்ளினால் வேறொரு ஸ்வரம். உள்ளே எஃகு நாக்குகள் — ரீடு என்பார்கள் — காற்று போகும்போது அதிர்ந்து பாடும். மொத்தமும் கையால் செய்தது. ஒன்றரை வருஷம் காத்திருந்து வாங்கியது.

'இந்த வயதில் உமக்கு எதற்கய்யா இது?'

எனக்கு இல்லை. அதுதான் ரகசியம். கொல்லிமலையில் யாருக்கும் தெரியாத ரகசியம் என்று போன செவ்வாய் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ரோஸ்லின் இந்த மலையில் நர்ஸ். நான் அவளுடைய குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் எழுத்தாளன். அதாவது கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பவன். ராசிபுரத்திலிருந்து அவள் மாற்றலாகி வந்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளோடு இங்குள்ள சின்ன ஆலயத்துக்கும் போவேன். எனக்கு முருகன் போதும். ஆனால் அங்கே அவள் பாடுவாள். முதல் பெஞ்சில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மேல் ஸ்தாயியில் ஒரு இடம் பிடிப்பாள் பாருங்கள்... வெளியே நிற்கிற ஜீப் டிரைவர்கூட பீடியை அணைத்துவிடுவார்.

அப்புறம் தைராய்டில் ஒரு கட்டி. ஆபரேஷன். கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து பெட்காரரின் மச்சான் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். கட்டி போயிற்று. குரலும் திரும்பி வந்தது, பேசுகிற அளவுக்கு. கொஞ்சம் கரகரப்பு. மேலே போனால் மட்டும் உடைந்துவிடும்.

"பேசறதுக்கு இருக்குல்லங்க, போதும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு முதல் பெஞ்சில் அவள் இல்லை. கடைசி பெஞ்சு, கதவோரம். பாட்டு ஆரம்பித்ததும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பாள். இரண்டரை வருஷமாக அப்படித்தான்.

பெரிய மனிதர்கள் இந்த நேரத்தில் ஆறுதலாக நான்கு வார்த்தை சொல்வார்கள். எனக்கு வார்த்தை எல்லாம் பத்திரிகைக்கே போய்விடுகிறது. ஒருநாள் போனில் எதையோ தேடப்போய், ஒருவர் கான்செர்டினா வாசிக்கும் வீடியோ கண்ணில் பட்டது. மூச்சு இழுத்து மூச்சு விட்டுப் பாடுகிற பெட்டி. தொண்டை வேண்டாம், கை போதும். இவளுடைய கையோ... கைக்குழந்தையின் நரம்பில்கூட ஒரே குத்தில் ஊசி ஏற்றுகிற கை.

விசாரித்ததில், புதுச்சேரிப் பக்கம் ஒருவர் இதைச் செய்கிறார் என்று தெரிந்தது. தனசேகர் என்று வைத்துக்கொள்வோம். போன் செய்தேன். "யாருக்கு சார்? கைப்பட்டிக்குக் கை அளவு வேணும்" என்றார்.

ரோஸ்லினிடம் போய், 'கொஞ்சம் கையை நீட்டு, அளக்க வேண்டும்' என்று சொன்னால் காரியம் கெட்டுவிடும். "எனக்கு ஒண்ணும் வேணாம், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று முடித்துவிடுவாள். யோசித்தேன். வீட்டில் பழைய கிளவுஸ் டப்பா ஒன்றில்தான் நாங்கள் பூண்டு போட்டு வைப்பது. அதன் மேல் அச்சடித்திருந்தது. "ஆறரை சார். கிளவுஸ் சைஸ் ஆறரை" என்று தனசேகருக்குச் சொன்னேன். உலகத்தில் பூண்டு டப்பாவைப் பார்த்து வாத்தியம் ஆர்டர் செய்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆக, திட்டம் இதுதான். எனக்கென்று வாங்கியதாகச் சொல்வது. கண்றாவியாக வாசிப்பது. சுருதி தப்பினால் அவளால் பொறுக்க முடியாது. ஒருநாள் தாங்காமல், 'இங்க கொண்டாங்க' என்று பிடுங்கிவிடுவாள். எப்படி?

கண்றாவியாக வாசிப்பதற்கு மட்டும் நான் பயிற்சி எடுத்துக்கொள்ளவே இல்லை.

வாத்தியம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பார்சலில் அனுப்ப மனம் வரவில்லை. நேரில் போய் வாங்கி வந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே மலையேறினேன். ஒவ்வொரு வளைவிலும் நான் அதன்மேல் கவிழ்வதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்: "ஏனுங்க, உள்ளாற கோழிங்களா?"

"இல்லீங்க, வாத்தியம்."

அவர் பெட்டியின் நாலு பக்கமும் குனிந்து பார்த்தார். "அதுக்கு ஏனுங்க மூச்சு உட ஓட்டை போடல?"

அன்றைக்கு ஆரம்பித்தது என் பயம்.

தனசேகர் ஒரு தாள் கொடுத்திருந்தார். தினமும் இருபது நிமிஷமாவது வாசியுங்கள். புதுத் துருத்தி விறைப்பாகத்தான் இருக்கும், பழகப் பழக இளகும். பொத்தானை அமுக்காமல் இழுக்கவே கூடாது. செங்குத்தாக நிறுத்தாதீர்கள், பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வெயில் ஆகாது. அடுப்படி ஆகாது. காற்றின் ஈரம் நாற்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்துக்குள் இருக்கட்டும்.

ஈரம் பார்க்க ஒரு சின்ன மீட்டர் வாங்கினேன். ஐப்பசி மாதத்துக் கொல்லிமலை. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். மீட்டர் எண்பத்தொன்பது காட்டியது.

மீட்டர் பொய் சொல்கிறது என்று இன்னொரு மீட்டர் வாங்கினேன். அது தொண்ணூற்றொன்று காட்டியது.

ரோஸ்லினின் மாத்திரை டப்பாக்களில் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் 'சாப்பிடாதீர்கள்' பொட்டலங்களை எல்லாம் பொறுக்கி எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினேன். எண்பத்தெட்டு. மணிக்கொரு தரம் எழுந்து போய்ப் பார்த்தேன். எங்கள் கல்யாணமான புதிதில்கூட நான் இப்படி யாரையும் எட்டி எட்டிப் பார்த்ததில்லை.

"பிரசவ வார்டுல புருசனுங்க இப்படித்தான் நடப்பாங்க" என்றாள் ரோஸ்லின். "அவுங்களாச்சும் ஒரு நாள்ல வெளிய போயிருவாங்க."

ஆனாலும் காலையில் அவள் டூட்டிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வாசிப்பேன். கைப்பட்டி ஆறரை; என் கை எட்டு. உள்ளே நுழைத்தால் வெளியே எடுக்க முடியாது. ஒருநாள் இரண்டு கையும் மாட்டிக்கொண்டு, அடுப்பில் பொங்கும் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரும்பு விலங்கு போட்டவனாவது ஓடலாம், நான் வாத்தியத்தோடு அல்லவா ஓட வேண்டும்?

சமையலறையிலிருந்து குரல் மட்டும் வரும், கரகரவென்று. "அது கீழ. மேல போங்க... மேலங்க... அய்யோ, அது வேற வீடு."

நானும் பொறுமையாகத் தப்பு விடுவேன். அவள் வந்து பிடுங்கவில்லை. ஒரே ஒரு தடவை, நான் குளிக்கப் போயிருக்கிறேன் என்று நினைத்து அவள் பெட்டியைத் திறந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். வாத்தியத்தின் மேல் ஒரு விரலை வைத்தாள். ஜுரம் பார்க்கிற மாதிரி. அப்புறம் மூடிவிட்டாள்.

இங்கே வெள்ளையம்மா வருகிறார். எங்கள் குவார்ட்டர்ஸை ஒட்டின காட்டுக்காரர். என் வயதுதான் இருக்கும். மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை. சந்தையில் புதிதாக ஒரு மாடு பிடித்து வந்திருந்தார். காலையில் அவர் அந்தப் பக்கம் கறப்பார். நான் இந்தப் பக்கம் இழுப்பேன். வேலிக்கு நடுவில் எங்கள் கச்சேரி.

"ஏனுங்க சார், உங்க பொட்டி இன்னும் முறுக்குதுங்களா?"

"விறைப்பாத்தான் இருக்குங்க. இழுத்தா வர மாட்டேங்குது."

"அப்பிடித்தானுங்க இருக்கும். புது மாடு வந்தா, மொத வாரம் பாலுக்கு ஆசப்படக் கூடாதுங்க. கையி பழகோணும். எனக்கு மூணாம் நாளுதான் சொரந்துச்சு. என்ற ஊட்டுக்காரரு போயி ஒக்காந்தாரு, ஒதைச்சுப் போட்டுது." அப்புறம் என் கையைப் பார்த்தார். "ஆருக்குன்னு புடிச்சு வந்தமோ அவிய கையில வுடோணுங்க சார். உங்க கைக்கு அந்த வாரே எட்டலீங்களே?"

நான் மீட்டரைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

"அதென்னங்க, மணி பாக்கறாட்டம் அதையே பாக்கறீங்க?"

ஈரப் பிரச்சினையைச் சொன்னேன். வெள்ளையம்மா சிரித்துவிட்டார். "இதுக்குங்களா? சாமைக்குள்ள வையுங்க."

மழை மாதம் வந்தால் இவர்கள் வீட்டில் நமத்துப்போகக் கூடாத எல்லாமே சாமைக்குள் போய்விடும். ஒரு பெரிய நீல டிரம் நிறையச் சாமை. கை விட்டுத் துழாவினால் விதை அவரை, தீப்பெட்டிக் கட்டு, ரேஷன் கார்டு, பட்டா, மாட்டுக்கு ஊசி போட்ட அட்டை... ஒவ்வொன்றாக வெளியே வரும். அத்தனையும் மொறமொறப்பாக. இதே மலையில் பைல் நாடு என்கிற பகுதியில் அவருடைய பிறந்த வீட்டிலும் இதே பழக்கம்தானாம்.

"ஆனா கவருக்குள்ள போட்டு, வாயக் கட்டி வையுங்க" என்றார்.

கவனித்தீர்களா? தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் நான் படித்தவன் அல்லவா? பிளாஸ்டிக் கவருக்குள் கட்டினால் ஈரத்தைச் சாமை எப்படி உறிஞ்சும் என்று விஞ்ஞானம் யோசித்தேன். மெல்லிய பருத்தித் துண்டில் சுற்றி, சாமைக்குள் இறக்கி, மேலே நான்கு கை சாமை அள்ளிப் போட்டு மூடினேன்.

தினமும் ரோஸ்லின் டூட்டிக்குப் போனதும் ஒன்பது மணிக்குக் கொண்டுபோய் விடுவேன். அவள் வருவதற்குள் நான்கு மணிக்குத் திரும்ப அழைத்து வருவேன். பால்வாடியில் பிள்ளையை விடுகிற மாதிரி. நான்கு நாள் நன்றாகப் போயிற்று. டிரம்முக்குள் மீட்டர் அறுபத்திரண்டு காட்டியது. என் விஞ்ஞானத்தை நானே மெச்சி, இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை... 'ஹ்ஹ்'.

நான் என்ன செய்தேன்? நேர்மையான மனிதன் செய்யக் கூடியதைச் செய்யவில்லை. மறைத்தேன். அந்த ஒரு ஸ்வரத்தைச் சுற்றி வளைத்து வாசித்தேன், குண்டு குழியைச் சுற்றிப் போகிற எங்கள் மலை பஸ் மாதிரி. சமையலறையில் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்றது. மறுபடி ஆரம்பித்தது. 

வாத்தியம் போய்விட்டதே என்று மட்டும் நான் பயப்படவில்லை. ரிப்பேர் என்றால் ரிப்பேர். பயம் வேறு. அவள் இந்தப் பெட்டியை ஒருநாள் கையில் எடுக்கலாம், எடுத்த அன்றைக்கு இது ஊமையாக நிற்கலாம். 'பாத்தீங்களா, இதுக்கும் தொண்டை போச்சு' என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மூடி வைத்துவிடுவாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் உட்காரும்போது சிரித்தாளே, அது. மறுபடி திறக்கவே மாட்டாள்.

எங்களுக்கு சிக்னல் கிடைப்பது வெள்ளையம்மாவின் பலா மரத்தடியில்தான். ரோஸ்லின் கிளம்பியதும் அங்கே ஓடிப்போய் தனசேகருக்குப் போன் போட்டேன்.

"போயிருச்சு சார்! செத்துப்போச்சு! இழுத்தா வரல, தள்ளினா வருது, இழுத்தா..."

"சார், மூச்சு விடுங்க."

"அதான் சொல்றேன், வெறும் மூச்சுதான் வருது..."

"பெட்டி இல்ல சார். நீங்க விடுங்க."

விட்டேன்.

"தள்ளும்போது சரியா இருக்கு, இழுக்கும்போது மட்டும் இல்ல. அப்படின்னா காத்தோட எதையோ உள்ள இழுத்துக்கிட்டிருக்கு. அது ரீடுல மாட்டி நிக்குது. சின்னத் தூசாத்தான் இருக்கும். பெட்டியை எங்க வெச்சிருந்தீங்க?"

நான் மரத்தைப் பார்த்தேன். மரம் எனக்கு உதவவில்லை.

"...சாமைல."

சாமை என்றால் தானியம்தானே என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"சார், ஒருத்தர் கார்ல வெயில்ல விட்டாரு. ஒருத்தர் வீட்டு நாய் பட்டியக் கடிச்சிருச்சு. தானியத்துல பொதைச்சது நீங்கதான் முதல்." அவர் குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. "ஒண்ணும் ஆகல. நீங்களே திறந்து எடுத்துரலாம். ஆறு ஸ்க்ரூ. ஆனா ரீடை மட்டும் மடக்கிராதீங்க. மடங்குனா சுருதி போயிரும், அப்புறம் இங்கதான் கொண்டு வரணும். வீட்ல கை நடுங்காத ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

நான் என் கையைப் பார்த்தேன். போன் காதில் தபேலா வாசித்துக்கொண்டிருந்தது.

கை நடுங்காத ஆள். இருக்கிறாள். அவளிடம் மட்டும் சொல்லக் கூடாது என்றுதானே மரத்தடியில் ஒளிந்துகொண்டிருக்கிறேன்?

திரும்பினால் வெள்ளையம்மா, இடுப்பில் கை வைத்தபடி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"கவருல போட்டுக் கட்டுங்கன்னு சொன்னேனுங்களா, இல்லீங்களா?"

"சொன்னீங்க."

"கட்டுனீங்களா?"

"...துண்டு."

"துண்டு!" வெள்ளையம்மா மாட்டைப் பார்த்தார். மாடு என்னைப் பார்த்தது. "ஏனுங்க சார், ஊருல முள்ளு குத்துனாலும், காதுல வண்டு போனாலும் நாங்க ஆருகிட்டப் போறோம்? நர்சம்மாகிட்ட. நீங்க ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு, மரத்துகிட்டப் பேசிக்கிட்டிருக்கீங்க. போயிச் சொல்லுங்க சாமி. கடிச்சு முழுங்கீருவாங்களா?"

சாயங்காலம் அவள் வந்து, முகம் கழுவி, காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன் — சாமை, டிரம், துண்டு, மூன்றாவது பொத்தான். பெட்டி யாருக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. குற்றவாளிக்கும் கொஞ்சம் சேமிப்பு வேண்டாமா?

"மூணாவது பொத்தான், இழுக்கறப்ப. காலைலயே தெரியும்" என்றாள். "நீங்க சுத்திப் போனீங்கல்ல."

மேஜையைத் துடைத்தாள். வெள்ளைத் துண்டு விரித்தாள். முள் எடுக்க வருகிறவர்களுக்காக வீட்டில் வைத்திருக்கும் ஃபோர்செப்ஸை வெந்நீரில் போட்டெடுத்துத் துடைத்துக் காயவைத்தாள். கிட்னி டிரே என்கிற வளைந்த தட்டு ஒன்று. ஸ்க்ரூ டிரைவர்.

"மாஸ்க் போடலையா டாக்டர்?" என்றேன்.

"வாயை மூடிட்டு டார்ச்சப் புடிங்க."

பிடித்தேன். வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி, சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள்.

ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினாள். கழற்றிய வரிசையிலேயே டிரேயில் வட்டமாக வைத்தாள். "ஒண்ணு... ரெண்டு... ஆறு. ஆறு எடுத்திருக்கேன், ஞாபகம் வெச்சுக்கோங்க." ஆபரேஷன் தியேட்டர் பழக்கம். உள்ளே போனது எல்லாம் வெளியே வந்ததா என்று எண்ணாமல் தைக்க மாட்டார்கள்.

மரத் தட்டைத் தூக்கினாள். அதன் அடியில் இருந்த ரீடு பலகையையும் மெதுவாக வெளியே எடுத்தாள். புதுத் தோலும் புது மரமும் வாசம் அடித்தது. உள்ளே சின்னச் சின்ன அறைகள், மெல்லிய மரச் சுவர்கள், ஒவ்வோர் அறையிலும் ஓர் எஃகு நாக்கு. தேன்கூட்டைத் தச்சர் கட்டினால் அப்படி இருக்கும்.

ரோஸ்லின் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "என்னையும் இப்படித்தான் தொறந்து பாத்திருப்பாங்க" என்றாள். எப்போதும் கழுத்தைச் சுற்றியே கிடக்கும் சேலைத் தலைப்பு நழுவியதை அவள் கவனிக்கவில்லை. தழும்பு தெரிந்தது. நான் டார்ச்சைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. கழற்றிய தட்டின் உள்பக்கம், மரத்தில், பென்சிலால் பட்டறைக்காரர் எழுதிய குறிப்பு. மேஜை, பீரோ செய்கிறவர்கள் அளவு குறித்து வைப்பார்களே, அது மாதிரி:

'கை - ஆறரை.'

அவள் அதைப் படித்தாள். என் கையைப் பார்த்தாள். மேஜைமேல் தோசைக்கல் மாதிரி கிடந்தது அது.

என் இதயம் எழுபது வளைவையும் ஒரே மூச்சில் இறங்கியது. ஏதாவது சொல்ல வேண்டுமே? "அ... அது வந்து... அங்க பட்டறைல ஏதோ மாத்தி..."

"உங்க கை எட்டுங்க."

"வெயில் காலத்துல கொஞ்சம்..."

"மொத நாளே தெரியும்" என்றாள். ஃபோர்செப்ஸை எடுத்துக்கொண்டு ரீடின் மேல் குனிந்தாள். "கை நுழையாத பட்டிய ஒன்றரை வருஷம் காத்திருந்து யாராச்சும் தனக்குன்னு வாங்குவாங்களா? பூண்டு டப்பா மேல எழுதியிருக்கறது எனக்குத் தெரியாதா?"

வாத்தியம் வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம். ஒன்றரை மாதமாகத் தினமும் இருபது நிமிஷம் நான் செய்த அந்தக் கொடுமையை எல்லாம் தெரிந்தே கேட்டிருக்கிறாள்.

"அப்ப ஏன் எடுக்கல?"

 ஃபோர்செப்ஸ் நுனி அந்த எஃகு நாக்கின் ஓரத்தில் இறங்கியது. நடுங்கவில்லை. மெள்ளத் திரும்பியது. வெளியே வந்தபோது அதன் நுனியில், நகக் கீற்றை விடச் சின்னதாக ஒரு சாமை உமி. அதை டிரேயில் வைத்தாள்.

"இதுலயும் வரலைன்னா என்னங்க பண்றது?" என்றாள். "தொண்டைன்னா டாக்டரக் குத்தம் சொல்லலாம். இதுக்கு யாரச் சொல்றது?"

எனக்கு எப்போதும் எதற்கும் ஒரு ஜோக் இருக்கும். கல்யாண வீட்டில், எழவு வீட்டில், பஸ் பிரேக் பிடிக்காதபோதுகூட. அப்போது தேடினேன். கிடைக்கவில்லை. நல்ல வேளை.

பலகையை உள்ளே வைத்தாள். தட்டை மூடினாள். "ஒண்ணு... ரெண்டு... ஆறு. ஆறும் போட்டாச்சு." ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். கை கழுவிவிட்டு வந்தாள். துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

பிறகு இரண்டு கையையும் பட்டிக்குள் நுழைத்தாள்.

செருப்புக் கடையில் சில சமயம் பார்த்திருப்பீர்கள். போட்டதும் கடைக்காரரே பேச்சை நிறுத்திவிடுவார். அப்படிப் பொருந்தியது. மூன்றாவது பொத்தானில் விரல் வைத்தாள். இழுத்தாள்.

வந்தது. முழுசாக, உருண்டையாக வந்தது. வீட்டுக்குள்ளிருந்த மேகம்கூட அசையாமல் நின்றது என்று எழுத ஆசைதான். நிஜத்தில் பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. துருத்தி முழுக்க விரிகிறவரை இழுத்தாள். தள்ளினாள். இன்னொரு ஸ்வரம். மறுபடி இழுத்தாள். எந்தப் பாட்டும் இல்லை. இரண்டே ஸ்வரம், போவதும் வருவதுமாக.

நாலைந்து தடவைக்குப் பிறகு எனக்கு வேறொரு சத்தமும் கேட்டது. ரொம்பக் கீழே, கரகரப்பாக, பெட்டிக்கு அடியில் ஓடுகிற மாதிரி. ரீடு ஏதோ உராய்கிறது, மறுபடி உமி மாட்டிவிட்டது என்று பதறிப்போய் எழுந்தேன்.

ரீடு இல்லை. அவள் வாயைத் திறக்காமல் ஹம் செய்துகொண்டிருந்தாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வாக்கியம் இது: "நாளையிலிருந்து நீங்க இதத் தொடக் கூடாது."

வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் நான் பறிகொடுத்ததில்லை.

மறுநாள் காலை நான் பால் காய்ச்சினேன். இரண்டு கையும் சும்மா இருந்ததால் பால் பொங்கவில்லை. கூடத்தில் அவள் இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள், விறைத்த துருத்தியை அதட்டாமல். வேலிக்கு அந்தப் பக்கம் கறக்கிற சத்தம் நின்றது.

"ஏனுங்க சார்! இது உங்க கையி இல்லீங்களே?"

"இல்லீங்க!"

"அதானே பாத்தேன்!" வெள்ளையம்மாவின் குரல் மலைக்கே கேட்டிருக்கும். "இன்னிக்குத்தானுங்க சொரந்திருக்கு!"

கான்செர்டினா இப்போது சாமைக்குப் போவதில்லை. தனசேகரிடம் ரோஸ்லினே பேசினாள். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, அந்த 'சாப்பிடாதீர்கள்' பொட்டலங்களை வாரம் ஒருமுறை மாற்றினால் போதுமாம். தினமும் வாசிப்பதுதான் எல்லாவற்றையும்விட நல்ல மருந்தாம். இத்தனையும் அவர் கொடுத்த தாளின் பின்பக்கத்திலேயே இருந்தது. நான் முன்பக்கத்திலேயே பதறிவிட்டதால் திருப்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனோம். வாத்தியத்தை எடுத்து வரவில்லை. "அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். நான் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து அவளுக்கு இடம் பிடித்தேன். அவள் என்னைத் தாண்டி நடந்தாள். இரண்டு பெஞ்சு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டு, 'வாங்க' என்று தலையசைத்தாள். பாட்டு ஆரம்பித்ததும் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, எல்லோருக்கும் கீழே ஓர் இடத்தில் மெதுவாகச் சேர்ந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். முதல் பெஞ்சுக்கு இன்னும் ஐந்து பெஞ்சு இருக்கிறது. இருக்கட்டும். கை பழக வேண்டும் அல்லவா?

இதை எழுதும்போது மீட்டர் தொண்ணூறு காட்டுகிறது. நான் இப்போதெல்லாம் அதைப் பார்ப்பதே இல்லை... இரண்டாவது மீட்டரில்தான் பார்த்தேன்.